மூப்பருக்குச் செய்த மரியாதை

பெரியாரைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. பெரியாரைத் துணையாகக் கொள்ளுதலைத் திருவள்ளுவர் 45ஆம் அதிகாரத்தில் ஓதினார். அவர்க்குப் பிழை செய்யாதிருத்தலை 90ஆம் அதிகாரத்தில் ஓதினார். இவை பொருட்பாலில் அரசனை முன்னிறுத்திக் கூறப்பட்டவை எனினும், அரசரல்லாத நமக்கும் வேண்டற்பாலனவே. ஆயினும், பெரியார் ஒருவரை எவ்வாறு போற்றுதல் வேண்டும் என்னும் வினாவுக்கு நாம் இக்காலத்திற் கண்டுவைத்திருக்கும் விடை மிகச் சுருங்கியது: ஒரு பொன்னாடை, ஒரு மாலை, ஒரு வாழ்த்துமடல். மாலை வாடுமுன்னரே மண்டபம் வெறுமையாகிவிடுகின்றது. பெரியார் தனியே வீடு திரும்புகின்றார்.

இவ்வினாவுக்கு வேறொரு விடையும் உண்டென்பதை நான் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்திலே கண்டேன். யான் திருநீறு தரிக்குஞ் சைவன். ஆயினும் கண்டதைக் கண்டவாறே எழுதுதல் என் கடனென்று கருதி இக்கட்டுரையை வரையலானேன்.

வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலே, முருகைக்கற் சுவரும் ஓட்டுக் கூரையுமாய் நிற்கும் பழைய தேவாலயம் அது. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலுந் தொடங்கிய பணியின் வழியாக வளர்ந்த சபைகளுள் அதுவும் ஒன்று. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயபோது, இச்சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனத்துள் அமைந்தன. இத்தேவாலயத்தின் மூப்பர் ஒருவர்க்கு அண்மையில் 90 வயது நிறைந்தது. சபையார் அவரைக் கௌரவிக்க எண்ணி, ஞாயிறு ஆராதனைக்கு என்னையும் அழைத்தனர். “எங்கள் மூப்பரைப் பற்றித் தமிழறிந்தவர் ஒருவர் நாலு வார்த்தை சொல்ல வேண்டும், பண்டிதர் ஐயா” என்றார் போதகர். நான் உடனே இசைந்தேன். இசைந்தபின் சில இரவுகள் எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

மூப்பர் என்னுஞ் சொல்லை முதலில் விளக்குதல் நன்று. மூப்பு என்பது ஊர்வழக்கில் முதுமையைக் குறிக்கும். சபை வழக்கிலோ மூப்பர் என்பது ஒரு பொறுப்பின் பெயர். நம் நாட்டுக் கத்தோலிக்கரிடையேயும் கோயிற் காரியங்களை முன்னின்று நடத்துவோரை மூப்பர் என்றழைத்த வழக்கு உண்டு. இச்சொல்லின் வேர் வேதாகமத்தில் இருக்கின்றது. எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்திலே, ஒரு பெருஞ் சனக்கூட்டத்தைத் தனியே சுமக்க இயலாது என்று மோசே முறையிடுகின்றார். அப்பொழுது 70 மூப்பர் தெரிந்தெடுக்கப்பட்டு, அவருடைய பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஆகவே மூப்பர் என்பவர் ஆண்டுகளை எண்ணி முடித்தவர் அல்லர். பாரத்திற் பங்கெடுத்தவர் என்க.

இனி என் உறக்கம் கெட்ட காரணத்துக்கு வருகின்றேன்.

1993ஆம் ஆண்டு. எனக்கு அப்பொழுது 24 வயது. இலக்கணம் கற்ற செருக்கு உச்சியில் ஏறியிருந்த காலம். பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் நடந்த இலக்கியக் கூட்டத்திலே தமிழ் உரைநடையின் வளர்ச்சி பற்றிப் பேச நின்றேன். பேச்சின் நடுவே, வேதாகம மொழிபெயர்ப்பைக் குறிப்பிட்டு, “பாதிரித் தமிழ்” என்று சொல்லிச் சிரித்தேன். வடசொற் கலப்பையும் வாக்கியங்கள் வளைந்து செல்வதையும் எடுத்துக்காட்டி, குரலை மாற்றி நடித்தும் காட்டினேன். சபையிலே சிரிப்பொலி எழுந்தது. முன்வரிசையில் ஒருவர் மாத்திரம் சிரிக்கவில்லை. வெள்ளை வேட்டியும் நாஷனலும் அணிந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அயற்பாடசாலையொன்றிற் கணிதம் கற்பித்த ஆசிரியர் அவர். அத்தேவாலயத்தின் மூப்பரும் அவரே என்பதை யான் அறிந்திலேன்.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். கோபித்துப் பேசுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். “தம்பி, நன்றாகப் பேசினீர். ஒன்று கேட்கலாமோ? நீர் அந்த நூலை முழுவதும் வாசித்தீரோ?” என்றார்.

இல்லையென்றேன்.

“வாசித்துவிட்டுச் சொல்லும். குறைகள் இருக்கின்றன, நானும் உமக்குச் சில காட்டுவேன். ஆனால் வாய்விட்டு வாசியும். அது கண்ணுக்கு எழுதப்பட்ட தமிழன்று, காதுக்கு எழுதப்பட்டது.”

மறுநாள் மாலை தம் வேதாகமத்தையே எனக்கு இரவல் தந்தார்.

குடாநாட்டில் மின்சாரம் அறுந்துபோயிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சையும் சிறிது எண்ணெயையும் இட்டு எரித்த விளக்கின் முன் இருந்து அந்நூலை வாசிக்கத் தொடங்கினேன். குற்றம் காணவே தொடங்கினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கந்தோறும் பென்சிலால் இட்ட சிறு கோடுகள் என் கண்ணைத் தடுத்தன. சில இடங்களில் ஒரு கோடு. சில இடங்களில் இரண்டு. அவை என்னவென்று கேட்டபொழுது அவர் கூறிய விளக்கமே எனக்குக் கிடைத்த முதற்பாடம். ஒரு கோடு சிறு தரிப்பு. இரு கோடு நெடுந்தரிப்பு. ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய பகுதியை அவர் வியாழக்கிழமையே எடுத்துக் கோடிட்டு, மூன்று நாளும் வாய்விட்டு வாசித்துப் பழகுவாராம். எழுவாய் எங்கே முடிகின்றது, எச்சம் எங்கே தொங்குகின்றது, எந்தச் சொல்லுக்குப் பின் மூச்செடுத்தாற் பொருள் கெடும் என்பனவெல்லாம் அக்கோடுகளில் அடங்கியிருந்தன.

“வாசிக்கிறவன் தன் குரலைத் தான் கேட்டு மகிழக்கூடாது, தம்பி. கடைசி வாங்கில் இருக்கிற கிழவிக்கு விளங்க வேண்டும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. என் வாய்தான் அவளுக்குப் புத்தகம்.”

ஒரு ஞாயிறு அவர் வாசிப்பதைக் கேட்கச் சென்றேன். உள்ளே போகத் துணிவின்றி யன்னலோரம் நின்றேன். லகர ளகர ழகரங்கள் மூன்றும் தத்தம் இடத்திலே பிறந்தன. வாக்கியங்களின் வளைவு என்று நான் எள்ளியது, அவர் தரித்து வாசித்தபொழுது கேட்போரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் படிக்கட்டாய் விளங்கியது. வடமொழிச் சொற்கள் மிக்கன என்னும் என் கருத்து இன்றும் முற்றாக மாறியதன்று. ஆயினும் ஒரு நடையை அதன் பயன் அறியாது பழித்தல் கல்வியன்று என்பதை அந்த யன்னலோரத்திலே கற்றேன்.

பின்னர் அவரிடமே கேட்டும் நூல்களைத் தேடியும் வேறு சில செய்திகளை அறிந்தேன். யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயராக 1947இல் அமர்ந்த சபாபதி குலேந்திரன் அவர்கள் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதியிருக்கின்றார். சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறி முற்றியது. 1871இல் பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழுவினரின் மொழிபெயர்ப்பு முழு வேதாகமமாக வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே, 1850இல், பேர்சிவல் பாதிரியார் தலைமையில் யாழ்ப்பாணத்தார் முயற்சியால் ஒரு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதிலே பேர்சிவலுக்குத் துணைநின்று உழைத்தவர் எவர்? நல்லூர் ஆறுமுக நாவலரே. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சைவத்தை நிலைநாட்டிய அப்பெருமகனார், தாம் ஏற்காத சமயத்தின் நூலுக்கும் தம் தமிழைக் கொடுத்தார். நான் “பாதிரித் தமிழ்” என்று சிரித்தபொழுது எவருடைய உழைப்பின் வரலாற்றையும் சேர்த்து எள்ளினேன் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்து நாணினேன்.

கடன் ஒரு பக்கத்தது மட்டுமன்று. வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே, பின்னர்ச் சைவராய் வாழ்ந்து, வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்து அழியாமற் காத்தவர். அதே செமினரியில் பயின்று கிறிஸ்தவராய் வாழ்ந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை அவர்களே 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தைத் தந்து தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தவர். இந்நாட்டுத் தமிழுக்கு மூப்பராய் நின்றோர் எந்தக் கோயிலில் வழிபட்டனர் என்று பிரித்துப் பார்ப்பின், நம் மரபிற் பாதியை நாமே இழப்போம்.

இவையெல்லாம் அறிந்தும், அந்தக் கணித ஆசிரியரிடம் “பிழை செய்தேன்” என்னும் ஒரு வார்த்தையை நான் கூறவில்லை. நூலைத் திருப்பிக் கொடுத்தேன், நன்றி சொன்னேன், அவ்வளவே. நன்றி கூறுதல் எளிது. பிழையை ஒப்புக்கொள்ளுதல் அரிது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய பாதையிலே, மழையில் நனைந்தவாறு, அடிமேல் அடிவைத்து நகர்ந்த அந்தச் சனத்திரளில் நானும் என் தாயாரும் இருந்தோம். ஓரிடத்திலே துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு அவர் வந்தார். கரியரில் ஒரு சிறு றங்குப்பெட்டி, அதன்மேல் தார்ப்பாய். அவருடைய வீட்டுப் பொருள் ஒரு துணிப்பையளவே. பெட்டியில் என்னவென்று என் தாயார் வினவினார்.

“கோயிற் பதிவேடுகள், அம்மா. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம். ஊரிலே பிறந்தவர்களையும் செத்தவர்களையும் விட்டுவிட்டு நான் எப்படி வருகிறது?”

1996இல் மக்கள் ஊர் திரும்பியபொழுது அப்பெட்டியும் திரும்பியது. பிறப்புச் சான்றிதழ் தொலைந்து, பாடசாலையிற் பிள்ளையைச் சேர்க்க வழியின்றி நின்றோருக்கு, அப்பதிவேட்டிலிருந்து எடுத்த பிரதி எத்தனையோ முறை ஆதாரமாயிற்று. அவர் அதைப்பற்றி எக்கூட்டத்திலும் பேசியதை நான் கேட்டதில்லை.

இத்தகையவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுமாறு அழைக்கப்பட்டால் உறக்கம் எங்ஙனம் வரும்?

அந்த ஞாயிறு வந்தது. மணி ஒலித்தது. ஆர்மோனியமும் மிருதங்கமும் சேரக் கீர்த்தனை பாடினர். நம் கோயில்களிலே கேட்டுப் பழகிய இராகங்களே செவியில் விழ, எனக்கிருந்த அயன்மை சிறிது நீங்கிற்று. முன்வாங்கிலே மூப்பர் அமர்ந்திருந்தார். கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. பக்கத்திலே ஊன்றுகோல்.

வேதபாடம் பற்றிய ஒரு செய்தியைப் போதகர் எனக்கு முன்னரே கூறியிருந்தார். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலே, நரைத்த தலைக்கு முன்னே எழுந்து நின்று முதியோரைக் கனம்பண்ண வேண்டும் என்னும் கருத்தமைந்த கட்டளை ஒன்று உண்டு. அன்றைய நாளுக்கு அதுவே பொருத்தமென்று போதகர் எண்ணினார். மூப்பர் உடன்படவில்லை. எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை, 70 மூப்பர் பாரத்தைப் பகிர்ந்த பகுதியை, வாசிக்குமாறு வேண்டினார். காரணம் கேட்டதற்கு, “அந்தப் பகுதியை வாசித்தால் சனங்கள் எழும்பி நிற்பார்கள், பிறகு இருந்துவிடுவார்கள். இந்தப் பகுதியை வாசித்தால் யாராவது ஒருவர் சுமக்க வருவார்” என்றாராம்.

மற்றொரு வேண்டுகோளும் விடுத்திருந்தார்: பாடத்தை வாசிப்பது ஒரு சிறுமியாக இருக்க வேண்டும். தரம் 7இற் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து வாசிப்புப் பீடத்துக்குச் சென்றாள். பீடம் உயரமாகையாற் கீழே ஒரு பலகை இட்டிருந்தனர். அவள் வாசிக்கத் தொடங்கியதும் நான் நிமிர்ந்து இருந்தேன். அதே தரிப்பு, அதே ழகரம், கடைசி வாங்குக்கும் எட்டும் அதே நிதானம். தம் பார்வை மங்கத் தொடங்கிய நாள்முதல் அவர் அவளைப் பழக்கியிருக்கின்றார். அவளுடைய நூலிலும் பென்சிற் கோடுகள் இருந்தன என்பதைப் பின்னர்க் கண்டேன்.

வாசிப்பின் நடுவே மூப்பர் ஊன்றுகோலைப் பற்றி எழுந்தார். முன்வாங்கின் விளிம்பைப் பிடித்தபடி, சிறுமி முடிக்கும்வரை நின்றார். நரைத்த தலைக்கு முன் பிறர் எழுந்து நிற்க வேண்டிய நாளிலே, நரைத்த தலை ஒரு குழந்தையின் வாசிப்புக்கு எழுந்து நின்றது. அதைக் கண்டு சபையார் ஒவ்வொருவராக எழுந்தனர். நானும் எழுந்தேன்.

பிரசங்கம் முடிந்தபின் பொன்னாடை போர்த்தினர். என்னைப் பேச அழைத்தனர். எழுதிக் கொண்டுசென்ற உரையைச் சட்டைப் பையிலேயே விட்டேன். புறநானூற்றிலே, ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் என்னவென்று கேட்டோருக்குப் பிசிராந்தையார் விடை கூறுகின்றார். இல்லறத்தின் நன்மையையும் அரசின் நன்மையையும் கூறிவந்து, தம் ஊரிலே சான்றோர் பலர் வாழ்தலை இறுதியில் வைக்கின்றார். அதை எடுத்துச் சொல்லி, “இந்த ஊருக்கு அத்தகைய சான்றோர் இவர்” என்றேன். பின்னர் 1993ஆம் ஆண்டுக் கூட்டத்தை விரித்துரைத்தேன். நான் சிரித்ததையும் பிறரைச் சிரிக்கவைத்ததையும் மறையாது கூறினேன். “இன்று என் மாணவர் செய்யுளைச் சீர்பிரித்துத் தரித்து வாசிக்கின்றனர். அந்த வாசிப்பை மெச்சுவோர் என்னை மெச்சுகின்றனர். அதை நான் கற்றது இந்த யன்னலுக்கு வெளியே நின்று. ஐயா, அன்று நான் பிழை செய்தேன். அதைச் சொல்ல எனக்கு 30 ஆண்டுக்கு மேற் சென்றது” என்று கூறி அமர்ந்தேன்.

தேவாலயத்திலே அமைதி நிலவிற்று. மூப்பர் பதிலுரைக்க எழுந்தார். நீண்ட உரை நிகழ்த்தவில்லை.

“பண்டிதர் அன்றைக்குச் சிரித்திராவிட்டால் நான் புத்தகம் கொடுத்திருக்க மாட்டேன். அதனால் அதைப் பிழை என்று எழுதத் தேவையில்லை, கணக்குத் தீர்ந்தது” என்றார். சபை சிரித்தது, நானும் சிரித்தேன். அடுத்துச் சொன்னார்: “ஆடைக்கு நன்றி. ஆனால் பெட்டியிலே பழைய பதிவேடுகள் இருக்கின்றன. காகிதம் பொடியாகிறது. நான் பிரதி பண்ணிக்கொண்டு வந்தேன்; கண் விடவில்லை. பாதியில் நிற்கிறது. எனக்கு மரியாதை செய்ய விரும்புகிறவர்கள் அதை முடித்துத் தாருங்கள்.”

ஆராதனை முடிந்து தேநீர் பரிமாறியபொழுது அவர் அருகிற் சென்று, அப்பதிவேடுகளைப் பார்க்க விரும்புவதாகக் கூறினேன். பெட்டியைத் திறந்து காட்டினர். மிகப் பழையவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. எழுதியோர் பலர்; கையெழுத்தும் பல. சில கைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவம். ஏட்டுச்சுவடி வாசித்துப் பழகாதார்க்கு அவை விளங்கா. இளைஞர் முயன்று கைவிட்டதன் காரணம் எனக்குத் தெரிந்தது. யான் கற்ற கல்வி ஒன்று அவ்விடத்திற்கு வேண்டப்படுவதும் தெரிந்தது.

இப்பொழுது சனிக்கிழமை மாலைகளில் அங்கே செல்கின்றேன். நான் வாசிக்கின்றேன், அச்சிறுமி புதிய ஏட்டில் எழுதுகின்றாள், மூப்பர் பக்கத்திலே சாய்வு நாற்காலியில் இருந்து கேட்கின்றார். மிஷன் பாடசாலைகளிற் படித்த பிள்ளைகளுக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரைச் சேர்த்து இடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை முதலானோர் பெயர்கள் அவ்வாறு அமைந்தனவே. அத்தகைய பெயர்களைப் பதிவேட்டில் எழுத்துக்கூட்டி நான் தடுமாறும்பொழுது, ஊரார் அதை எவ்வாறு அழைத்தனர் என்பதை மூப்பர் சொல்லித் தருகின்றார். இன்ன வளவிலே இருந்தவர், இன்னாருடைய பாட்டனார் என்று சிலவேளை வரலாறும் கூடவரும். அதைச் சிறுமி ஓரத்திலே குறித்துக்கொள்கின்றாள்.

சென்ற வாரம் அடக்கப் பதிவேட்டில் ஒரு பக்கத்துக்கு வந்தோம். மேலிருந்து கீழ்வரை பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே காரணம் “வாந்திபேதி”. பல பெயர்களுக்கு எதிரே வயது ஒன்று, இரண்டு, நான்கு. ஒரே கையெழுத்தாகையால் எளிதில் வாசிக்க முடிந்தது. நான் விரைந்து வாசித்துச் சென்றேன்.

மூப்பர் கையை உயர்த்தினார்.

“தம்பி, ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் தரித்து வாசியும்” என்றார்.

மீண்டும் மேலிருந்து தொடங்கினேன்.